வெறும் மாத்திரை

பெரியப்பாவின் மாத்திரைகளுக்குப் பெரியம்மா நோட்டுப் போட்டுக் கணக்கு வைத்திருந்தார். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிற நாற்பது பக்க நோட்டு. தேதி, வேளை, மாத்திரையின் பெயர், எதிரே ஒரு டிக். பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். பிரட்னிசலோன் 'பெட்னி' ஆகியிருந்தது. அசதயோப்ரின் 'அசதி'. மூன்றாவதற்குப் பெயரே கிடையாது, 'பொங்குறது' என்று மட்டும் இருக்கும். டம்ளர் தண்ணீரில் போட்டால் சுர்ரென்று நுரைத்துக் கரைகிற பெரிய வட்ட மாத்திரை, என்-அசிட்டைல் சிஸ்டீன். 2008 தை முதல் 2010 ஆடி வரை நான்கு நோட்டுகள் நிரம்பின. ஐந்தாவது பாதியில் நின்றது. லீவில் மாயவரம் போகும்போதெல்லாம் நானும் கொடுத்திருக்கிறேன். அந்த மாத்திரை கரைந்து முடியும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இவ்வளவு நுரைக்கிற ஒன்று வேலை செய்யாமலா போகும் என்று தோன்றும்.

பெரியப்பா ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெற்றிலை உண்டு, பீடி சிகரெட் கிடையாது. முதலில் வறட்டு இருமல் வந்தது. பிறகு, கொல்லைப்புறத்திலிருந்து வாசலுக்கு வருவதற்குள் நடையில் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'வயசாயிடுச்சு' என்றார்கள், அவரும் அப்படித்தான் சொன்னார். ஓரிடத்தில் எக்ஸ்ரே பார்த்துக் காசநோய் என்று ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். சளியில் ஒருமுறைகூடக் கிருமி அகப்படவில்லை. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் காசநோய் என்று தொடங்கிவிடுவது நம் நாட்டில் புதிதில்லை. காசநோய் இவ்வளவு இருக்கிற தேசத்தில் அதை முழுத் தவறு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் ஓர் இளம் மருத்துவர்தான் அவரைத் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகின் அடிப்பகுதியில், விலா முடிகிற இடத்தில், ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு என்னையும் கேட்கச் சொன்னார். மூச்சு உள்ளே போய் முடியும் தறுவாயில், பள்ளிப் பிள்ளைகளின் ஒட்டு செருப்பில் பட்டையைப் பிய்த்தால் வருமே, அந்த ஒலி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. 'வெல்க்ரோ கிராக்கிள்னு சொல்லுவோம் சார்' என்றார். அப்புறம் விரல்களைப் பார்த்தார். பெரியப்பாவின் நகங்கள் கிளிமூக்குபோல வளைந்து, விரல்நுனி உருண்டிருந்தது. வருஷக்கணக்காக எல்லோரும் பார்த்த விரல்கள்தான். யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த ஒலிக்கு வெல்க்ரோவைவிடப் பழைய உவமை ஒன்று உண்டு. பாரீஸில் 1816இல் காகிதத்தைச் சுருட்டி ஓர் இளம்பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்ட ரெனே லென்னெக், 1819இல் எழுதிய புத்தகத்தில் நுரையீரல் ஒலிகளை வகை பிரித்தார். நெரிகிற அந்த ஒலிக்கு அவர் சொன்ன ஒப்புமை, சூடேறிய சட்டியில் போட்ட உப்பு பொரிவது. இதைப் படித்தபோது எனக்குப் பாரீஸ் மறந்துபோய், பெரியம்மாவின் அடுப்படிதான் நினைவில் வந்தது. லென்னெக் 1826இல் காசநோயால் இறந்தார், 45 வயதில்.

நுரையீரல் என்ற சொல்லை வைத்தவர் யாரோ, அறுத்துப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். நுரையாலான ஈரல். ஒரு மனிதனின் நுரையீரலில் சராசரியாக 48 கோடி காற்றுக்குமிழிகள் என்று எண்ணியிருக்கிறார்கள். காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருக்கிற சுவர், மெல்லிய இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நுரை என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன பேர் வைப்பது? பெரியப்பாவுக்கு வந்த நோயில் அந்த நுரை கெட்டிப்படுகிறது. குமிழிச் சுவர்களில் நார் படிந்து தடிக்கிறது. அடிப்பக்கத்திலும் ஓரங்களிலும் தொடங்கி உள்ளே ஏறுகிறது. கடைசியில் அந்த இடங்கள் தேன்கூடுபோல வெற்றுப் பொந்துகளாகின்றன. மருத்துவர்கள் ஸ்கேனில் தேடுவது அந்தத் தேன்கூட்டைத்தான். எனக்குத் தேன்கூட்டைவிடக் கொல்லையில் காய்ந்து தொங்குகிற பீர்க்கங்கூடு பொருத்தமாகப் படுகிறது. அதுவும் ஒரு காலத்தில் ஈரமும் சதையுமாக இருந்தது.

இதற்கு இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸ் என்று பெயர். முதல் சொல்லுக்குக் 'காரணம் தெரியவில்லை' என்று அர்த்தம். மருந்தில்லாக் காலத்தில், கண்டுபிடித்தபின் மூன்றிலிருந்து ஐந்தாண்டு என்பது பாடப்புத்தகக் கணக்கு. பெரியப்பா இரண்டரை வருஷம் இருந்தார்.

அவர் போய் வெகுநாள் கழித்துத்தான் இந்த நோயைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நான் மருத்துவன் இல்லை. கட்டுரைகளின் சுருக்கங்களையும் அட்டவணைகளையும் திரும்பத் திரும்பப் படித்துப் புரிந்துகொண்டவன். அப்படிப் படிக்கையில் ஒரு பெயர் அடிக்கடி எதிர்ப்பட்டது. கணேஷ் ரகு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நுரையீரல் மருத்துவப் பேராசிரியர். அவரை நான் பார்த்ததில்லை, அவர் பெயர் தாங்கிய நான்கைந்து ஆய்வுகளை மட்டும் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். என் தலைமாட்டில் இன்னும் கிடப்பவை அவைதான்.

அந்த வரிசைக்குள் போகுமுன் ஒரு பெயரின் கதையைச் சொல்லியாக வேண்டும். பால்டிமோரில் லூயி ஹாமனும் ஆர்னால்டு ரிச்சும், 1935இலும் 1944இலும், நுரையீரல் வேகமாக நார்பிடித்து மாண்டவர்களைப் பற்றி எழுதினார்கள். 1964இல் லண்டனில் ஸ்கேடிங் என்ற மருத்துவர், மெதுவாக வளர்கிற வகைக்கு 'ஃபைப்ரோசிங் ஆல்வியோலைட்டிஸ்' என்று பெயரிட்டார். அந்தப் பெயரின் வாலில் இருக்கிற 'ஐட்டிஸ்'தான் விஷயம். ஐட்டிஸ் என்றால் அழற்சி. சிவந்து வீங்கிச் சூடாவது. முதலில் அழற்சி, அது ஆறாமல் நீடித்து நார் ஆகிறது என்பது அதற்குள் பொதிந்த சித்தாந்தம். அழற்சி என்று பேர் வைத்துவிட்டால் மருந்து தானாக வந்துவிடும்: ஸ்டீராய்டு. அது போதாவிட்டால் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற இன்னொன்று. வேடிக்கை என்னவென்றால், நோய்களுக்குப் பெயர் வைப்பதிலுள்ள தர்க்கக் குழப்பங்களைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதியவர் ஸ்கேடிங். அவர் வைத்த பெயரே அரை நூற்றாண்டு மருந்துச்சீட்டு எழுதியது.

1991இல் ரகு முதல் ஆசிரியராக வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள் 27 பேர். 14 பேருக்கு பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டும், எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற அசதயோப்ரினும். 13 பேருக்கு பிரட்னிசோனும், அசதயோப்ரின் மாதிரியே இருக்கிற வெறும் மாத்திரையும். யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, விழுங்கியவருக்கும் தெரியாது. ஓராண்டில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்பதாண்டு தொடர்ந்து பார்த்ததில், இரண்டு மருந்தும் எடுத்த 14 பேரில் ஆறு பேர் இறந்திருந்தார்கள். மற்ற 13 பேரில் பத்துப் பேர். வயதைக் கழித்துக் கணக்குப் போட்டால், விளிம்பில் நிற்கிற ஒரு நன்மை. இரண்டும் சேர்ந்தால் பலன் இருப்பதாகத் தெரிகிறது என்று முடித்தார்கள். நம்மூர்த் திண்ணைப் பேச்சில் இதைவிடக் குறைந்த ஆதாரத்தோடு எவ்வளவோ வைத்தியம் நடக்கிறது. 27 பேரைத் திரட்டி, குருட்டுச் சீட்டுப் போட்டு, ஒன்பது வருஷம் பின்தொடர்ந்தது அந்தக் காலத்துக்கு நேர்மையான உழைப்பு.

ஆனால் அட்டவணையை இன்னொருமுறை பார்த்தால் ஒன்று தென்படும். இரண்டு கட்சியிலும் பிரட்னிசோன் இருக்கிறது. எதுவுமே சாப்பிடாதவர் என்று யாரும் இல்லை.

2000இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. எந்த மருந்துக்கும் பலன் நிரூபணமாகவில்லை என்று ஒப்புக்கொண்டே, கொடுப்பதென்றால் ஸ்டீராய்டோடு அசதயோப்ரினோ சைக்ளோஃபாஸ்ஃபமைடோ கொடுங்கள் என்றது. 2005இல் ஐரோப்பாவில் இன்னொரு சோதனை. பிரட்னிசோன், அசதயோப்ரின் இரண்டையும் எல்லோருக்கும் கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் மூன்றாவதாக என்-அசிட்டைல் சிஸ்டீன் சேர்த்தார்கள். மூன்றும் சாப்பிட்டவர்களுக்கு மூச்சளவு கொஞ்சம் மெதுவாகக் குறைந்தது. மூன்று மாத்திரை வைத்தியம் உலகெங்கும் பரவியது இப்படித்தான். மூன்று வருஷத்தில் அது மாயவரம் வந்து பெரியம்மாவின் நோட்டில் ஏறியது. இந்தச் சோதனையிலும் 'ஒன்றுமே வேண்டாம்' என்கிற கட்சி இல்லை. மூன்றை இரண்டோடு ஒப்பிட்டார்கள். முன்பு இரண்டை ஒன்றோடு. கீழ்ப்படியில் பூஜ்யம் நிற்கவேயில்லை.

ஏன் இல்லை என்பது புரியாத விஷயமும் அல்ல. மூன்று வருஷத்தில் சாகப்போகிறவரிடம் போய், 'உங்களுக்கு மாவு மாத்திரை விழலாம், சம்மதமா?' என்று எந்த வாயால் கேட்பது. மருந்து என்று ஏதோ ஒன்று கையில் இருக்கும்போது அதைக் கொடுக்காமல் இருப்பது இரக்கமில்லாத்தனமாகத் தெரியும். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அந்த இளம் மருத்துவர் 'இதுக்குப் பெரிசா மருந்து கிடையாது' என்று சொல்லி அனுப்பியிருந்தால், மறுநாளே வேறொரு மருத்துவரிடம் போயிருப்போம்.

அழற்சிக் கொள்கை இதற்கிடையே உள்ளுக்குள் ஆட்டங்கண்டிருந்தது. 2001இல் மெக்ஸிகோவைச் சேர்ந்த மோயிசஸ் செல்மான், ஆனி பார்டோ இருவரும் அமெரிக்கர் டால்மட்ஜ் கிங்கோடு சேர்ந்து எழுதிய கட்டுரை, இது அழற்சி நோயே இல்லை என்று வாதிட்டது. அவர்கள் சொன்னதை என் மொழியில் சொன்னால்: குமிழிகளின் உள்பூச்சுச் செல்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு காயங்கள் திரும்பத் திரும்ப ஏற்படுகின்றன. உடம்பு அவற்றை ஆற்ற வருகிறது. ஆற்றிய பிறகு போகாமல் அங்கேயே தங்கிவிடுகிறது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முட்டியில் சிராய்த்தால் காயம் சுருங்கி மூடுகிறதே, அந்த வேலையைச் செய்வது ஒருவகைச் செல். பாதி நார் நெய்கிற செல், பாதி தசைபோல இழுக்கிற செல். 1971இல் ஜெனீவாவில் ஜூலியோ காபியானி குழுவினர் அதைக் கண்டு எழுதினார்கள். மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். காயத்தின் ஓரங்களைப் பிடித்திழுத்து, நார் போட்டுத் தைத்துவிட்டு, வேலை முடிந்ததும் செத்து மறைந்துவிடும். தையற்காரர் ஊசியைக் கீழே வைக்கிற இடம் அது. இந்த நுரையீரலில் ஊசி கீழே வைக்கப்படுவதில்லை. அதற்கு ஒரு காரணத்தை 1990களின் கடைசியிலிருந்து ஆராய்ந்துவருகிறார்கள். தைக்கச் சொல்லி உத்தரவிடுகிற டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம், திசுச் சல்லடையில் பூட்டிய நிலையில் கிடக்கிறது. செல்கள் பிடித்து இழுத்தால் பூட்டுத் திறக்கும். திசு மெத்தென்று இருந்தால் இழுப்புக்கு அதுவும் கூடவே வந்துவிடும், பூட்டுத் திறக்காது. விறைத்த திசு விட்டுக்கொடுக்காது, பூட்டுச் சட்டென்று திறக்கும். வடு இருப்பதே அடுத்த வடுவுக்கு உத்தரவு.

எலிகளின் கதை இன்னும் விசித்திரம். ஜப்பானில் 1960களில் ஹமாவோ உமெசாவாவின் குழு கண்டெடுத்த பிளியோமைசின், புற்றுநோய்க்கு நல்ல மருந்து. சிலருக்கு நுரையீரலை நார் ஆக்கிவிடும். அதையே உபயோகமாக்கிக்கொண்டு, எலியின் மூச்சுக்குழாயில் ஒருமுறை பிளியோமைசினை விட்டு, இரண்டு மூன்று வாரத்தில் நார்பிடித்த நுரையீரலைத் தயாரித்தார்கள். அதில் எத்தனையோ மருந்துகள் அற்புதமாக வேலை செய்தன. மனிதரிடம் வந்ததும் ஒன்றொன்றாகக் கவிழ்ந்தன. காரணம் பிற்பாடு உறைத்தது. இள எலிக்கு எதுவும் கொடுக்காவிட்டாலும் சில வாரத்தில் நார் தானே கரைந்துவிடுகிறது. அதன் உடம்புக்கு நிறுத்தத் தெரியும். 2014இல் அலபாமாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில் இரண்டு மாத எலியையும் பதினெட்டு மாதக் கிழட்டு எலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். காயம் இரண்டுக்கும் ஒன்றுதான். கிழட்டு எலிக்கு நார் போகவில்லை. இவ்வளவு நாள் வாலிபத்தின் ஆறும் சக்தியை மருந்தின் சக்தி என்று நினைத்திருக்கிறோம் என்று அந்தத் துறையில் யாராவது தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

கவிழ்ந்தவற்றில் இன்டர்ஃபெரான் காமாவையும் சொல்ல வேண்டும். 1999இல் 18 பேரிடம் அது அமோகமாகப் பலித்ததாக வியன்னாவிலிருந்து செய்தி வந்தது. 330 பேரை வைத்து நடந்த பெரிய சோதனையின் முடிவு 2004இல் வெளியானபோது முதல் ஆசிரியர் ரகு. நோய் முற்றுவதை மருந்து தடுக்கவில்லை. ஆனால் அட்டவணையின் ஒரு மூலையில் சபலம் இருந்தது: மருந்து எடுத்த 162 பேரில் 16 மரணம், எடுக்காத 168 பேரில் 28. கட்டுரை அதை மேலும் ஆராய வேண்டிய ஒன்றாக வைத்தது. மருந்துக் கம்பெனியோ, இலேசான நோயுள்ளவர்களை மட்டும் தனியே பிரித்துக் கணக்குப் போட்டு, உயிரைக் காக்கிறது என்று 2002இலேயே பத்திரிகைச் செய்தி விட்டிருந்தது. அப்புறம் 826 பேரிடம் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 15 பேரும் வெறும் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 13 பேரும் இறந்தார்கள். சபலம் முடிந்தது. அந்தச் செய்திக்காகக் கம்பெனியின் தலைமை அதிகாரியை அமெரிக்க நீதிமன்றம் 2009இல் குற்றவாளி என்றது. பின்னாளில் அதிபரின் மன்னிப்பும் கிடைத்தது. எண்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் நமக்கு வேண்டிய முகம் ஏதாவதொன்று அதில் தெரிந்துவிடும். மேகத்தில் யானை தெரிவதுபோல.

இப்போது வரிசையின் நடுநாயகம். அமெரிக்காவில் அரசு நிதியில் இயங்கிய ஒரு மருத்துவக் கூட்டமைப்பு, மூன்று மாத்திரை வைத்தியத்தை முதன்முறையாகப் பூஜ்யத்தோடு நிறுத்திப் பார்த்தது. ஒரு கட்சிக்கு மூன்று மருந்தும். ஒரு கட்சிக்கு என்-அசிட்டைல் சிஸ்டீன் மட்டும். ஒரு கட்சிக்கு எல்லாமே வெறும் மாத்திரை. 60 வாரம் நடந்திருக்க வேண்டியது. 2011 அக்டோபரில், பாதிக் கணக்கு வந்த நிலையில், கண்காணிப்புக் குழு மும்மருந்துக் கட்சியை நிறுத்தச் சொன்னது. மூன்றும் சாப்பிட்ட 77 பேரில் 8 பேர் இறந்திருந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 78 பேரில் ஒருவர். மருத்துவமனையில் சேர வேண்டிவந்தவர்கள் அங்கே 23, இங்கே 7. மூச்சளவிலும் எந்த லாபமும் இல்லை. 2012இல் இது வெளிவந்தபோது எழுத்துக் குழுவில் முதல் பெயர், ரகு. இரண்டாண்டு கழித்துப் 'பொங்குறது'க்கும் தனியாகப் பலனில்லை என்று தெரிந்தது.

1991இல் 'பலன் இருப்பதாகத் தெரிகிறது' என்று எழுதிய கைதான், இருபத்தோரு வருஷம் கழித்து 'கொல்கிறது' என்ற அட்டவணையின் கீழ் கையெழுத்திட்டது. 2015இல் வந்த சர்வதேச வழிகாட்டு நெறிகள் இந்த மூன்றையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொன்னபோதும் அங்கே முதல் பெயர் அவர்தான். இதைப் பெரிய மனத்தின் அடையாளமாக வரைந்துவிட ஆசை வருகிறது. நான் அதைச் செய்யமாட்டேன். விஞ்ஞானத்தில் இது கடமை, சம்பளம் வாங்குகிற வேலை. ஆனாலும் நம்மில் எத்தனை பேர், இருபது வருஷத்துக்கு முன் அச்சில் சொன்னதை, அதே பெயரோடு, அதைவிடப் பெரிய அச்சில் அழித்திருக்கிறோம்? இலக்கியச் சண்டைகளில் நான் பார்த்ததில்லை. அரசியலைக் கேட்கவே வேண்டாம்.

என்னை உலுக்குவது அந்த 78 பேர். மாவு மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கியவர்கள். அவர்கள் வீட்டிலும் யாராவது நோட்டில் டிக் போட்டிருக்கலாம். அவர்கள் எதுவும் பெறாமல் இருந்ததால்தான், மற்றவர்கள் பெற்றது என்ன என்று தெரிந்தது.

இதில் இன்னொரு மடிப்பும் உண்டு. 2019இல் அந்தச் சோதனையின் இரத்த மாதிரிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். குரோமோசோம் நுனிகளில், செருப்புக் கயிற்றின் நுனியில் இருக்கிற பூண்போல, டெலோமியர் என்று ஒன்று இருக்கிறது; வயதாக ஆகத் தேயும். சிலருக்குப் பிறவியிலேயே குட்டை. அப்படிக் குட்டையாக இருந்தவர்களைத்தான் மும்மருந்து குறிவைத்து வீழ்த்தியிருந்தது. குடும்பவழி நுரையீரல் நார்நோய்க்கும் டெலோமியருக்கும் உள்ள உறவு 2007இலேயே தெரிந்துவிட்ட ஒன்று. இந்தக் குட்டை டெலோமியர்க் குடும்பங்களுக்கு ஒரு வெளி அடையாளம் சொல்கிறார்கள்: இளநரை. பெரியப்பாவுக்குக் கல்யாணப் போட்டோவிலேயே காதோரம் வெளுத்திருக்கும். எங்கள் வீட்டில் அதை 'வாத்தியார் நரை' என்பார்கள். எனக்கு இருபத்தாறில் வந்தது. இதைப் படித்த இரவு கண்ணாடி முன் நின்று, கையை மடக்கி நகங்களை ஒட்டவைத்து நடுவே வெளிச்சம் தெரிகிறதா, விரல்நுனி உருண்டு அதை அடைக்கிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. இளநரை பெரும்பாலோருக்கு வெறும் இளநரைதான் என்பதும் தெரியும். தெரிந்தும் பார்த்தேன்.

இப்போது மருந்து இருக்கிறது. ஜப்பான் 2008இல் அனுமதித்த பிர்ஃபெனிடோன் 2010இல் இந்தியாவுக்கு வந்தது. 2014இல் அமெரிக்கா அதையும் நிண்டெடானிப்பையும் ஒரே நாளில் அனுமதித்தது. இரண்டும் நோயைத் திருப்புவதில்லை, வேகத்தைத் தணிக்கின்றன. நிண்டெடானிப் சோதனை ஒன்றில், வெறும் மாத்திரைக்காரர்கள் வருஷத்துக்கு 240 மில்லிலிட்டர் மூச்சளவை இழந்தபோது, மருந்து எடுத்தவர்கள் 115 மில்லிலிட்டர் இழந்தார்கள். பாதி. ஒரு சின்னக் காப்பி டம்ளர் அளவுக் காற்று மிச்சம். நோயாளிக்கு இது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவருக்குத் தெரிவது வயிற்றுப்போக்கு, குமட்டல், வெயில் பட்டால் தோல் சிவப்பது. மூச்சு போன வருஷத்தைவிட மோசமாகத்தான் இருக்கும். இதைவிட மோசமாகியிருக்கும் என்பதை, தான் வாழாத இன்னொரு வருஷத்தைக் காட்டி யார் அவரை நம்பவைப்பது? ஸ்டீராய்டோ முதல் வாரமே பசியைக் கொடுக்கும், உற்சாகத்தைக் கொடுக்கும். 'பெட்னி' ஆரம்பித்த புதிதில் பெரியப்பா இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார். எங்களுக்கு அது பெரிய நம்பிக்கையாக இருந்தது.

வரிசையில் கடைசிக் கட்டுரை இந்தியாவைப் பற்றியது. ஜெய்ப்பூர் மருத்துவர்கள் முன்னின்று, 19 நகரங்களில் 27 மருத்துவமனைகளிலிருந்து இவ்வகை நுரையீரல் நோயாளிகள் 1,084 பேரைத் திரட்டிய பதிவேடு. 2017இல் வெளிவந்தது. ஆசிரியர் பட்டியலின் கடைசியில், வழிகாட்டியின் இடத்தில், மறுபடி ரகு. மேலைநாட்டுக் கணக்குப்படி காரணம் தெரியாத வகைதான் அதிகம் இருக்க வேண்டும். இங்கே அது நூற்றுக்கு 14 பேருக்குள்தான். நூற்றுக்கு 47 பேருக்கு இருந்தது வேறு நோய்: மூச்சில் போன ஏதோ ஒரு பொருளுக்கு நுரையீரல் காட்டிய ஒவ்வாமை. அவர்களில் பாதிப்பேர் வீட்டில் ஏர்கூலர். கழுவாத கூலரின் ஈரப்பாயில் வளர்கிற பூஞ்சை. மற்றவர்கள் வீட்டில் பறவைகள், ஈரச் சுவர்கள். காரணம் தெரியாது என்பதில் எவ்வளவு பங்கு நுரையீரலின் மர்மம், எவ்வளவு பங்கு யாரும் உட்கார்ந்து கேட்காதது என்று எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான்.

மாயவரம் வீட்டில் கூலர் கிடையாது. முற்றத்து உத்தரத்தில் மாடப்புறாக்கள் இருந்தன. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருந்தன. பெரியப்பா அதன் கீழேதான் சாய்வு நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். புறா உண்டா என்று எந்த மருத்துவரும் கேட்கவில்லை, சொல்ல எங்களுக்கும் தோன்றவில்லை. அவருடையது புறாவால் வந்த வகை என்றால், கணக்கு தலைகீழாகிறது. அதற்கு இன்றும் ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். அப்போது 'பெட்னி' அவருக்கு நல்லதே செய்திருக்கலாம். இல்லையென்றால், ஆடி மாதம் திடீரென்று மூச்சு முட்டி ஒரே வாரத்தில் போனாரே, அதற்கு நாங்கள் கையால் எடுத்துக் கொடுத்த மாத்திரைகளும் ஒரு காரணமாக இருக்கலாம். 77 பேரில் 8 என்பது 77 பேரைப் பற்றித்தான் பேசும். ஒருவரைப் பற்றிக் கேட்டால் அதனிடம் பதில் கிடையாது.

போன வருஷம் வீட்டை விற்றுவிட்டுப் பெரியம்மாவை அக்கா வீட்டுக்கு அழைத்துப்போனோம். பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில், பழைய வரி ரசீதுகளுக்கு அடியில், ஐந்து நோட்டுகளும் இருந்தன. பெரியம்மா ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு ரொம்பக் கிட்டத்தில் வைத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார். எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது. ஒரு பக்கத்தில் நிறுத்தி விரலை வைத்தார். இரவு வேளை, 'அசதி'க்கு எதிரே டிக் இல்லை.

"அன்னைக்கு ஊர்ல தேருப்பா. கால் வலியில அசந்து தூங்கிட்டேன். இந்த ஒரு வேளை விட்டுப்போச்சு."

நான் பேசாமல் இருந்தேன்.

"அதனாலயா இருக்குமோன்னு எனக்கு ரொம்ப நாளா."

"அதனால ஒண்ணுமே ஆகலை பெரியம்மா" என்றேன். அந்த நோட்டுகளில் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடிந்தது அந்தக் காலிக் கட்டத்துக்கு மட்டும்தான்.

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நோட்டைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. வண்டி கிளம்பும்போது மடியில் இருந்தது.